வெயிலுள்ள போதே குளிரைச் சேர்த்து வைக்கலாமா?

உழவர் கேள்வி-பதில்

பூச்சி, நோய், உரம், மானியம் என்று பல கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வது இந்தப் பகுதியின் வழக்கம். இந்த முறை சூளகிரி, ஓசூர், கெலமங்கலம் பக்கமிருந்து வந்த ஐந்து கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. ஒருவர் குளிர் அறை பற்றிக் கேட்கிறார். இன்னொருவர் பால் பற்றி. ஒரு மாணவி மின்நிலையம் பற்றி. கிடைக்கிற நேரம் ஒன்று, தேவைப்படுகிற நேரம் வேறு. நடுவில் உள்ள இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கேள்வி: ''ஐயா, நாங்கள் 12 குடும்பங்கள் சேர்ந்து குழு வைத்திருக்கிறோம். தக்காளியும் கொத்தமல்லியும்தான் பிழைப்பு. போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். '5 டன் சோலார் குளிர் அறை, விலை 14 லட்சம், பேட்டரியே கிடையாது, பகலில் குளிரைச் சேர்த்து வைத்து ராத்திரி முழுக்கக் கொடுக்கும்' என்கிறார். பேட்டரி இல்லாமல் ராத்திரி எப்படிக் குளிரும்? ஏமாற்றுகிறாரா? கடன் வாங்கிப் போடலாமா?''

- வாசகி, பேரிகை

பதில்: அவர் சொல்வது ஏமாற்று இல்லை. ஆனால், முழுதாகவும் சொல்லவில்லை. கடன் விஷயத்துக்கு வரும் முன்பு அந்த அறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால், விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

சோலார் தகடு வெயிலில் மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து, ராத்திரி எடுத்துக் கம்ப்ரசரை ஓட்டுவது ஒரு வழி. பேட்டரி விலை அதிகம், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பகலிலேயே கம்ப்ரசரை முழு வேகத்தில் ஓட்டி, ஒரு தொட்டியில் உள்ள தண்ணீரையோ உப்புக் கரைசலையோ உறைய வைத்துவிடுவது இன்னொரு வழி. ராத்திரியில் கம்ப்ரசர் ஓட வேண்டியதில்லை. உறைந்தது கொஞ்சம் கொஞ்சமாக உருகி, அறையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். ராத்திரி நமக்குத் தேவை குளிர்தானே! அதைக் குளிராகவே சேர்த்து வைத்துவிட்டால் நடுவில் பேட்டரி எதற்கு? இதைத்தான் 'தெர்மல் பேட்டரி' என்கிறார்கள். புனேயில் உள்ள ஈகோசென் போன்ற நிறுவனங்கள் விவசாயிகளுக்கான சோலார் குளிர் அறைகளை இந்த முறையில்தான் செய்கின்றன.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க, ஒரு கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆனால், 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ், அதே 0 டிகிரித் தண்ணீராக உருகுவதற்கு 80 கிலோ கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அதனால்தான் சின்னத் தொட்டியில் பெரிய குளிரை அடக்க முடிகிறது.

இது புதுச் சங்கதியும் இல்லை. சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-ம் ஆண்டு கட்டப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கிச் சேமித்தார்கள். ஒரு தேசத்து மார்கழிக் குளிரை இன்னொரு தேசத்துச் சித்திரையில் விற்றிருக்கிறார்கள்! அன்றைக்கு மரத்தூள் செய்த வேலையை இன்றைக்கு அறைச் சுவரில் இருக்கும் பஃப் பேனல் செய்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 2 டன் தக்காளி 28 டிகிரிச் சூட்டோடு அறைக்குள் வருகிறது. அதை 13 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 28,500 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். 80-ஆல் வகுத்தால் சுமார் 360 கிலோ ஐஸ். இது காயில் இருக்கும் சூட்டுக்கு மட்டும். பறித்த பிறகும் காய் மூச்சு விடும். அந்த வெப்பம், சுவர் வழியாக வருவது, கதவைத் திறக்கும்போது புகுவது எல்லாம் இதற்கு மேல். அதே காயை மதியம் 2 மணிக்குப் பறித்து, 36 டிகிரிச் சூட்டோடு உள்ளே தள்ளினால் 360 கிலோ என்பது 550 கிலோ ஆகிவிடும். விடியற்காலையில் பறித்து நிழலில் ஆற்றி வைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம். காசு கொடுக்காமல் கிடைக்கும் இந்தக் குளிரை முதலில் பயன்படுத்துங்கள். குளிர் அறை வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, கம்பெனிக்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. தொட்டியில் உறைவது தண்ணீரா, வேறு கரைசலா? எத்தனை டிகிரியில் உறையும்? தண்ணீர் 0 டிகிரியில் உறைவதால், அதைக் கொண்டு அறையை 0 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. நடைமுறையில் 4, 5 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கும் கீழே வேண்டுமென்றால் இன்னும் தாழ்ந்த டிகிரியில் உறையும் கரைசல் வேண்டும்.

2. வெளியே 35 டிகிரி, உள்ளே முழுச் சரக்கு என்ற நிலையில், வெயிலே இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும்? காலி அறையில் தாங்குவதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மூடாப்புப் போட்டால் என்ன செய்வது, மின்வாரியக் கரண்டிலும் உறைய வைக்க முடியுமா என்பதையும் கேளுங்கள்.

3. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ புதுச் சரக்கு ஏற்றலாம்? 5 டன் கொள்ளளவு என்றால், ஒரே நாளில் 5 டன்னையும் குளிர வைத்துவிடும் என்று அர்த்தமில்லை.

4. ராத்திரி மின்விசிறிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் கரண்ட் எங்கிருந்து வரும்? 'பேட்டரியே கிடையாது' என்றாலும் இதற்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கலாம். அதை மாற்றும் செலவு யாருடையது?

5. பழுதானால் யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் வருவார்? உள்ளே கொத்தமல்லி இருக்கும்போது, 'அடுத்த வாரம் வருகிறோம்' என்ற பதில் உதவாது.

அடுத்தது கடன். எளிமைக்காக 14 லட்சத்தையும் கடனாக வாங்கி, 7 ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டு வரை 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. வங்கி வட்டி 9 சதவிகிதம் என்றால், உங்கள் தலையில் 6 சதவிகிதம் விழும். மாதத் தவணை சுமார் 20,500 ரூபாய். ஆண்டுக்கு 2,46,000 ரூபாய்.

ஆண்டு முழுக்க அறையை நிரப்பி, 5 நாளுக்கு ஒருமுறை சரக்கை மாற்றினால், மாதம் 30 டன், ஆண்டுக்கு 360 டன் போய் வரும். அப்போது கிலோவுக்கு 70 பைசாவுக்குள் தவணை முடிந்துவிடும். ஆண்டில் 4 மாதம் மட்டும் நிரம்பினால் கிலோவுக்கு 2 ரூபாய். அந்த 4 மாதமும் பாதி அறைதான் நிரம்பியது என்றால் 4 ரூபாய். பராமரிப்பும் ஏற்றுக்கூலியும் தனி. குளிர் அறையில் நஷ்டம் வருவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல, காலியாகக் கிடக்கும் நாட்களால்தான். 12 குடும்பங்களும் சேர்ந்து தினமும் ஒரு டன் கொண்டுவர முடியுமா என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குளிர் அறை விலையை உயர்த்தாது. உங்களுக்குச் சில நாட்களைக் கொடுக்கும், அவ்வளவுதான். செங்காய்ப் பதத்தில் பறித்த தக்காளியை ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்திருக்கலாம். பறிகூலிகூடத் தேறாமல் காயைக் கொட்டிய காலத்தையும் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். விலை மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தால் இரண்டு வாரக் குளிர் அதற்கு மருந்தாகாது. ஆனால், ஒரு நாள் வரத்துக் குவிந்து விலை சரியும்போது, 'இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்' என்ற கட்டாயம் இல்லாமல் மூன்று நாள் நின்று பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்ப அது உதவும். மாலைக்குள் வாடிவிடும் கொத்தமல்லிக்கு இந்தப் பலன் தக்காளியைவிட அதிகம்.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன்பு 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு, பறிக்கும் ஒவ்வொரு நாளும் குழுவின் மொத்த எடை, அன்றைய சந்தை விலை, மூன்று நாள் கழித்து அதே சந்தையில் என்ன விலை என்ற மூன்றையும் எழுதுங்கள். விலை ஏறிய நாள், இறங்கிய நாள் இரண்டையும் விடாமல் எழுத வேண்டும். காத்திருந்தால் லாபம் வரும் நாட்களில் கிடைக்கும் கூடுதல் பணத்தையெல்லாம் கூட்டிப் பாருங்கள். அது தவணையையும் பராமரிப்பையும் தாண்டினால் துணிந்து போடுங்கள். தாண்டாவிட்டால் வேண்டாம். அந்த நோட்டை வங்கியில் காட்டினால் மேலாளரும் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

போடுவதாக முடிவெடுத்தால், வேலை தொடங்கும் முன்பே சூளகிரி தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். குளிர்பதனக் கட்டமைப்புக்கான மானியம் கடனோடு இணைந்த பின்னேற்பு மானியம். கட்டி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. வட்டிச் சலுகைக்கான காலவரம்பை வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பில் குளிர் அறையை ஓட்டக்கூடாது. அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

*

கேள்வி: ''தக்காளி, கொத்தமல்லி, புதினா மூன்றையும் ஒரே குளிர் அறையில் வைக்கலாமா?''

- வாசகர், காமன்தொட்டி

பதில்: வைக்கக்கூடாது. தக்காளிக்கு 12, 13 டிகிரி வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் காய் சரியாகப் பழுக்காது, தோலில் குழி விழும், வெளியே எடுத்ததும் அழுகும். கொத்தமல்லி, புதினாவுக்கு 0 முதல் 2 டிகிரியும் 95 சதவிகிதத்துக்குக் குறையாத ஈரப்பதமும் நல்லது. 5 டிகிரியில் வைத்தாலும் தாங்கும், ஆனால் நாட்கள் குறையும்.

டிகிரி மட்டும் பிரச்னை இல்லை. பழுக்கும் தக்காளி எத்திலின் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு பட்டால் கீரை இலைகள் சீக்கிரம் மஞ்சளாகும். ரோஜாவுக்கும் அது ஆகாது. அறையின் நடுவே தடுப்புப் போட்டு இரண்டு வெப்பநிலையில் வைக்கும் வசதி இருந்தால் தனித்தனியாக வைக்கலாம். இல்லாவிட்டால், குழுவுக்கு அதிகம் நஷ்டம் தரும் பயிர் எதுவோ, அதற்கு மட்டும் அறையை ஒதுக்குங்கள்.

*

கேள்வி: ''எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு மையத்தில் தினமும் 1,000 லிட்டர் வரை வருகிறது. சாயங்காலப் பால் வரும் நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை. சோலார் போட்டால் தீருமா?''

- வாசகர், உத்தனப்பள்ளி

பதில்: சாயங்காலப் பாலுக்குச் சோலார் நேரடியாக உதவாது. பால் வரும்போது வெயில் போய்விடும். உங்களுக்கு முதலில் வேண்டியது 'ஐஸ் பேங்க்' முறை.

பெரும்பாலான குளிர்விப்புத் தொட்டிகளில் பால் ஊற்றிய பிறகுதான் கம்ப்ரசர் வேலையைத் தொடங்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் முழுச் சுமை. மற்ற நேரம் ஏறத்தாழ சும்மா இருக்கும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் பெரிய கம்ப்ரசர், பெரிய ஜெனரேட்டர் எல்லாம் தேவைப்படுகிறது.

1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 30,000 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். அதற்கு ஈடு 375 கிலோ ஐஸ். இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டிய இந்த வேலையை, கரண்ட் ஒழுங்காக இருக்கும் 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் கால் பங்குத் திறனுள்ள கம்ப்ரசர் போதும். பால் வந்ததும், ஐஸ் தொட்டியின் குளிர்நீரை ஒரு பக்கமும் பாலை இன்னொரு பக்கமும் தகடுகளுக்கு இடையே ஓடவிட்டால் போகிற போக்கிலேயே குளிர்ந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போனாலும் சின்ன பம்பு ஓடினால் போதும். பால் சீக்கிரம் குளிர்வதால் கிருமிகள் பெருக நேரம் கிடைக்காது. பால் திரும்பி வருவது குறையும்.

அமெரிக்காவில் தொடங்கி, புனேயில் காலூன்றிய ப்ரொமீத்தியன் என்ற நிறுவனத்தின் கதை இதில் ஒரு பாடம். முதலில் சோலாரில் ஓடும் பால் குளிர்விப்பானைத்தான் செய்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. சோலாரை விட்டுவிட்டு, விட்டுவிட்டு வரும் கரண்டிலேயே குளிரைச் சேர்த்து வைக்கும் முறைக்கு மாறினார்கள். அதைத்தான் ஹட்சன் போன்ற பால் நிறுவனங்கள் வாங்கின. உங்களுக்கும் அதே வரிசைதான். முதலில் குளிரைச் சேர்க்க வழி செய்யுங்கள். பிறகு வசதிப்பட்டால், மதியம் ஐஸ் போடுவதற்குச் சோலார் சேர்க்கலாம்.

ஒரு விஷயம். பாலை நேரடியாகக் குளிர வைப்பதைவிட ஐஸ் போட்டுக் குளிர வைப்பதற்கு மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். மிச்சமாவது டீசல். உங்கள் மையத்தின் ஓராண்டு டீசல் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். டீசல் செலவு குறைவாக இருந்தால் இந்த மாற்றம் அவசரமில்லை.

*

கேள்வி: ''நான் பி.எஸ்சி., இயற்பியல் படிக்கிறேன். அப்பா விவசாயி. பகலில் சோலார் மின்சாரம் மிஞ்சுகிறது, சாயங்காலம் பற்றாக்குறை என்று செய்தியில் வருகிறது. அனல் மின்நிலையத்தைப் பகலில் அணைத்துவிட்டு, சாயங்காலம் ஏற்றினால் என்ன? வெளிநாட்டில் மின்நிலையத்தோடு பெரிய வெந்நீர்த் தொட்டி வைக்கிறார்களாமே, அது எதற்கு? இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை.''

- வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மேலே சொன்ன ஐஸ் தொட்டிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு.

அனல் மின்நிலையக் கொதிகலன் கேஸ் அடுப்பு மாதிரி திருகினால் எரிவது, திருகினால் அணைவது இல்லை. தடித்த இரும்புக் குழாய்களும் உருளைகளும் மெதுவாகச் சூடேற வேண்டும், மெதுவாக ஆற வேண்டும். அவசரப்படுத்தினால் உலோகத்தில் விரிசல் விடும். முழுதாக ஆறிய நிலையத்தை மறுபடி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். நமக்குப் பக்கத்தில் உள்ள மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. தினமும் இவற்றை அணைத்து ஏற்றுவது நடக்காத காரியம். அணைக்காமல் குறைத்து ஓட்டலாம். நிலக்கரி நிலையங்கள் தங்கள் திறனில் 40 சதவிகிதம் வரை இறக்கி ஓட்டத் தயாராக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாட்டின் சோலார் திறன் 2025-ல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நண்பகலில் அத்தனையும் வரும், மாலை 6 மணிக்கு மேல் எதுவும் வராது. அந்த ஏற்ற இறக்கத்தை மற்ற நிலையங்கள்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

வெந்நீர்த் தொட்டிக்கு வருவோம். அதற்கு முன்பு சர்க்கரை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர்கள் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 300 கிலோ சக்கை கிடைக்கும். இணை மின் உற்பத்தி உள்ள ஆலையில், சக்கையை எரித்து நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியில் இன்னும் சூடு இருக்கும். அதைக் கொண்டு சாற்றைக் காய்ச்சுகிறார்கள். வெறும் அனல் மின்நிலையத்தில் நிலக்கரிச் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகப் போகிறது. இங்கே அது சாறு காய்ச்சப் பயன்படுகிறது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே சூடும் மின்சாரமும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். சாறு காய்ச்ச வேண்டுமென்றால் மின்சாரமும் கூடவே வரும், அந்த நேரத்தில் அது யாருக்கும் வேண்டாமென்றாலும். மின்சாரம் வேண்டுமென்றால் சூடும் வரும், சாறு இல்லாவிட்டாலும்.

டென்மார்க், ஜெர்மனி போன்ற குளிர் நாடுகளில் இதே இரட்டைப் பிள்ளைகளை நகர அளவில் வளர்க்கிறார்கள். மின்நிலையத்தின் வெந்நீர் பூமிக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாகப் போய் அறைகளைச் சூடாக்குகிறது. குளிர்கால ராத்திரியில் காற்று பலமாக அடித்தால் காற்றாலை மின்சாரமே ஊருக்குப் போதும். அப்போது மின்நிலையத்தைக் குறைக்கலாம் என்றால், வீடுகள் குளிரில் நடுங்கும். சூட்டுக்காகவே, வேண்டாத மின்சாரத்தையும் உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஒட்டிப் பிறந்தவர்களைப் பிரித்து வைக்கும் வேலையைத்தான் அந்தத் தொட்டி செய்கிறது. மின்சாரத்துக்குக் கிராக்கி உள்ளபோது நிலையத்தை முழு வேகத்தில் ஓட்டி, மிஞ்சிய சூட்டைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். மின்சாரம் மலிந்தபோது நிலையத்தைத் தணித்துவிட்டு, வீடுகளுக்குத் தொட்டியிலிருந்து வெந்நீர் கொடுக்கிறார்கள். காற்றாலை மின்சாரம் மிதமிஞ்சி வந்தால், அதைக் கொண்டும் தண்ணீரைச் சுட வைத்துத் தொட்டியில் சேர்க்கலாம். கொதிகலனோ டர்பைனோ மாறவில்லை. ஒரு தொட்டி வந்ததும் நிலையத்துக்கு நெளிவு சுளிவு வந்துவிட்டது.

பெர்லின் நகரில் ராய்ட்டர் வெஸ்ட் என்ற மின்நிலையத்தில் 45 மீட்டர் உயரத்துக்கு அப்படி ஒரு தொட்டி கட்டி, 2022-ல் தண்ணீர் நிரப்பினார்கள். கொள்ளளவு 5.6 கோடி லிட்டர். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள பண்ணைக்குட்டைகள் 31 சேர்ந்தால் எவ்வளவு தண்ணீரோ, அவ்வளவு. 98 டிகிரி வெந்நீர். சுற்றிலும் காப்புறை. வீட்டில் பிளாஸ்க்கில் காபி ஊற்றி வைப்பதன் பெரிய வடிவம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ராஜஸ்தானில் அபு ரோடு அருகே பிரம்மகுமாரிகள் அமைப்பு 'இந்தியா ஒன்' என்ற சூரிய அனல் மின்நிலையத்தை நடத்துகிறது. தலா 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 கண்ணாடித் தட்டுகள் வெயிலை வார்ப்பிரும்புக் கட்டிகள் மேல் குவிக்கின்றன. பகலெல்லாம் சூடேறிய இரும்பு, வெயில் சாய்ந்த பிறகும் நீராவி தருகிறது. 1 மெகாவாட் திறன், 16 மணி நேரச் சேமிப்பு. சூட்டை வைத்திருப்பது இரும்பு. ரசாயன பேட்டரி எதுவும் இல்லை.

இது நம் வயலுக்கு எப்படி வருகிறது? அவர்கள் ஊரில் சூட்டுக்குத் தேவை, நம் ஊரில் குளிருக்குத் தேவை. பேரிகைக் குழு நண்பகலில் ஐஸ் போட்டாலும், பெர்லினில் வெந்நீர் நிரப்பினாலும் தந்திரம் ஒன்றே. ஒரு டன் ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம் சுமார் 93 யூனிட்டுக்குச் சமம். அந்த ஐஸைப் போட இயந்திரத்தின் தரத்தைப் பொறுத்து 30 முதல் 45 யூனிட் மின்சாரம் ஆகும். அதை நண்பகலில் போட்டுவிட்டால், மாலை 7 மணிக்கு மின்வாரியத்திடம் அத்தனை யூனிட் கேட்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு எங்கோ ஓர் அனல் மின்நிலையத்தின் ஏற்ற இறக்கம் குறைகிறது.

அரசும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. 2023-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில், சூரிய ஒளி உள்ள 8 மணி நேரத்துக்குக் கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. விவசாய இணைப்புகளுக்கு இதில் விலக்கு. ஆனால், குளிர் அறை, பால் மையம் போன்றவை விவசாய இணைப்பில் வராது. நேரத்துக்கு ஒரு விலை என்பது இவற்றுக்கு வந்தால், ஐஸ் தொட்டி வைத்திருப்பவர் மலிவான நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாதவர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். தக்காளிச் சந்தையில் நமக்கு நடப்பதும் இதுதானே?

'உள்ளுறை வெப்பம்' என்று உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்தப் பாடத்தை அப்பாவுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். மேலே உள்ள ஐஸ் கணக்கை அவரே போட்டுவிடுவார்.

*

கேள்வி: ''நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். பால் கேன் கழுவ தினமும் விறகு எரித்து வெந்நீர் போடுகிறோம். வீட்டுக்கு வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் இதற்கு உதவுமா? காலை 5 மணிக்குச் சூடு இருக்குமா?''

- வாசகி, கெலமங்கலம்

பதில்: உதவும். அதுவும் ஒரு வெப்பச் சேமிப்புத் தொட்டிதான். 25 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு அதில் இருக்கும். நல்ல காப்புறை உள்ள தொட்டியில் காலை வரை கேன் கழுவும் அளவுக்குச் சூடு நிற்கும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் சூடு சீக்கிரம் இறங்கும் என்பதால், காப்புறையின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியிலிருந்து கழுவும் இடம் வரை வரும் குழாய்க்கும் உறை சுற்றுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் வெந்நீர் எடுத்தால் அந்த இடத்துக்குப் பச்சைத் தண்ணீர் வந்து கலந்துவிடும். ஆகவே, மாலையில் குறைவாக எடுத்துக் காலைக்கு விட்டுவையுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடிக் குழாய் உள்ள வகையில் உப்புப் படியும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். மழை நாட்களுக்கு விறகடுப்பை இடிக்காமல் வைத்திருங்கள்.

*

கேள்வி அனுப்புபவர்கள் பயிர், பரப்பு, தண்ணீர் வசதி, ஊர் ஆகியவற்றைக் குறிப்பிட மறக்காதீர்கள். விலை நோட்டு எழுதத் தொடங்கும் குழுக்கள் இரண்டு மாதம் கழித்து அதன் நகலை அனுப்பினால், கணக்கைச் சேர்ந்து பார்த்து, குளிர் அறை கட்டுபடியாகுமா என்று இந்தப் பகுதியிலேயே எழுதுகிறேன்.